அருவி பின்னால் போகும்

பள்ளியில் காலை வணக்கம் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. புவியியல் ஆசிரியை சரோஜா டீச்சர் இறந்துவிட்டார். முதல் பாடவேளையில் நான் தமிழ் வகுப்பு எடுக்கவில்லை.

அவரோடு இந்தப் பள்ளியில் வேலை பார்த்த சக ஆசிரியர்கள் உங்களுக்குத் தெரியும், அருவிப் பாடத்துக்கு அவர் படம் வரையமாட்டார். தாம்பாளத்தில் ஈர மணலைக் குவித்து, மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து, சொம்பால் தண்ணீர் ஊற்றுவார். ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. விளிம்பில் விழும் நீர் அடி மணலைக் குடையும். கடைசியில் ஓடு தொப்பென்று சாயும். "ஆறும் இத்தத்தான் பண்ணுது. கெட்டிப் பாறைய வுட்டுட்டு, அடியில மெத்துனு கீறத துன்னுது. அப்பால மேல கீறது தானா வுழுது" என்பார். வகுப்பிலும் வியாசர்பாடிப் பேச்சுதான். ஆய்வுக்கு வந்த அதிகாரி முகம் சுளித்தபோது, புரிகிறதா என்று பிள்ளைகளையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீடு திருவொற்றியூர்க் கடலோரம் இருந்தது. மழைக்காலம்தோறும் கடல் சில வீடுகளைக் கொண்டுபோகும். அதற்கு எங்கள் தெருவே செய்த வைத்தியம் ஒன்றுதான்: கடல் பார்த்த முற்றத்துக்கு இன்னொரு பூச்சு சிமெண்ட். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவரும் விடாமல் போட்டார். அவருடைய அப்பா கட்டிய வீடு. காலி செய்வது பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.

புயல் வரும் என்று ரேடியோ சொன்ன மாலை டீச்சர் வந்தார். காபி வேண்டாம் என்று கடல் பக்கம் இறங்கி, முற்றத்தின் அடியில் குடையைச் செருகினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. மேலே உட்கார்ந்து என் இரண்டு பெண்களும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் உடனே உள்ளே கூப்பிட்டேன்.

வீட்டைக் காலி செய்தால், பயந்து ஓடினான் என்று தெருவே சிரிக்கும் என்றார் என் கணவர். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"அருவி ஒரே எடத்துலயா நிக்குது நைனா? பாறை வுழ வுழ அது பின்னாலதான் போய்கினு கீது. அத்தப் பாத்து யாரு சிரிக்கிறாங்க? புள்ளைங்கள இட்டுகினு நீயும் பின்னால போ."

அன்றே, கடலுக்குத் தள்ளி எம்.கே.பி. நகரில் இருந்த அவருடைய ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். மறுநாள் முற்றம் உடைந்து விழுந்தது. அதோடு நாங்கள் படுக்கும் அறையும் போயிற்று. என் கணவர் அழுது முடிக்கும்வரை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவள் கல்லூரியில் படிக்கிறாள். டீச்சர் கொடுத்ததாக நான் வைத்திருப்பது இவர்கள் இருவரையும்தான்.