வேங்கிக்காலில் ஓர் உடன்படிக்கை

அணுசக்தி, எரிசக்தி பற்றிய சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் நம் நாட்டுக்காக உட்காருவது என் வேலை. உண்மையிலேயே உட்காருவதுதான். ஒரு வாக்கியம் ‘செய்ய வேண்டும்’ என்று முடிய வேண்டுமா, ‘செய்யலாம்’ என்று முடிய வேண்டுமா என்று வியன்னாவில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

ஒரு கோடையில் விடுப்பில் திருவண்ணாமலைக்கு வந்திருந்தேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த அப்பா, நகரை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. தெருவில் வீடுகள் பெருகி, சாயங்காலமானால் லோ வோல்டேஜ். புது டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுமதி வந்துவிட்டது. எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. கரண்டு எல்லோருக்கும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் யார் வாசலிலும் கூடாது.

“எம்பொண்ணு நாடு நாடா போயி பஞ்சாயத்து பண்றா. இத முடிக்கமாட்டாளா?” என்று அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் கூட்டம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஆரம்பித்தார்.

“எங்க வூட்டாண்ட மட்டும் வேணாம்மா. வாஸ்துக்கு ஒத்துவராது.”

மருந்துக்கடை வைத்திருக்கும் மூலைவீட்டு அக்கா விடவில்லை. “எங்க வூட்டாண்ட வச்சா மட்டும் ஒத்துவருமா சார்? ரூமுக்கு ரூம் ஏசி போட்டு கரண்டு ஜாஸ்தி இழுக்கறது நீங்க.”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதெல்லாம் பழகிய சண்டை. இருவரிடமும் தனித்தனியே பேசினேன். நடுவில் காபி கொடுக்கச் சொன்னேன். மறுபடியும் பேசினேன். பொழுது சாய்வதற்குள் ஒரு வாசகம் தயார்: ‘தெருவாசிகள் அனைவருக்கும் ஏற்புடைய, பொருத்தமான ஓரிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அமைக்கப்படும்.’ எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மேலாளர் எனக்கு ஆசீர்வாதம்கூடச் செய்தார்.

மறுநாள் காலையில் லைன்மேன் ஆட்களோடு வந்து அதைப் படித்துப் பார்த்தார்.

“சரிங்கம்மா. குழி எங்க தோண்டறது?”

“பொருத்தமான இடத்துல.”

“அது எங்கங்க இருக்குது?”

என் தொழிலில் இப்படி யாரும் பட்டென்று கேட்பதில்லை. கேட்கிற நாள் வருவதற்குள் எனக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்துவிடும். இங்கே நான் கடப்பாரைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் மேலாளரும் அக்காவும் ஓடிவந்துவிட்டார்கள். பொருத்தமான இடம் என்றால் மற்றவர் வாசல் என்று நினைத்தே இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. “இதுக்குத்தான் பேசுச்சா அந்தப் பொண்ணு?” என்று யாரோ சிரித்தது அப்பா காதில் விழுந்துவிட்டது.

“ஏம்பா, இங்கயே தோண்டு,” என்று எங்கள் கேட்டின் ஓரத்தைக் காட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அம்மா லேசில் விடவில்லை. “நல்லா முடிச்சடி பஞ்சாயத்த! என் செம்பருத்திச் செடி போச்சு” என்றவள், நான் விடுப்பு முடிந்து கிளம்பும்வரை சரியாகப் பேசவில்லை.

அடுத்த விடுப்பில் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து முகவரி சொன்னேன். ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை. வெளிநாட்டில் நம் தூதரகத்தில் வேலை பார்க்கிற பெண்ணின் வீடு என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிப் பார்த்தேன்.

“அப்படி யாரும் தெரியலீங்களே,” என்றவர், தெருப்பெயரை இன்னொரு முறை கேட்டதும் முகம் மலர்ந்தார்.

“அட, டிரான்ஸ்ஃபார்மர் வூடுங்களா! அத மொதல்லயே சொல்றதில்லீங்களா? ஏறுங்க.”