மைக்காரரின் வோக்கி

அரியாலையில் ஞானரட்ணம் என்று கேட்டால் எந்த ஞானரட்ணம் என்பார்கள். மைக்காரர் என்றால் வீட்டுப் படலைவரை கொண்டுபோய் விடுவார்கள். கலியாணம், திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று ஒலிபெருக்கி கட்டியே எழுபதைத் தொட்டவர். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்தான், ஆனாலும் அயலில் எந்தக் கோயில் கொடியேறினாலும் அவருடைய குழாய்தான் கேட்கும். வாயும் அந்தக் குழாய் மாதிரி. தன்னைப் பற்றி மெதுவாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

போன மாரியில் அடித்த புயலோடு மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. கொழும்புத்துறையில் தனியே இருக்கும் தங்கச்சி நேசம்மா, பிள்ளையில்லாத விதவை, கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டுக் கூப்பிட ஆளில்லாமல் கிடந்தார். அண்ணனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. இனி நீ தனிய இல்லை, நான் இருக்கிறன் என்று தங்கச்சிக்குச் சொன்னார். ஊருக்கும் சொன்னார், அதுவும் பலமுறை.

சொன்னதைச் செய்தார் என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். கனடாவிலிருந்து லீவில் வந்த மகன் றோகானைக் கொண்டு, சிக்னல் இல்லாமலே கதைக்கும் வோக்கி-டோக்கி இரண்டு எடுப்பித்தார். முதலில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் அவ்வளவு வீடும் மரமும். தன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மேல் இரும்புக் குழாய் நட்டு அன்ரனாவை உயர்த்தினார். தங்கச்சி வீட்டு முகட்டிலும் அப்படியே. பிறகு பக்கத்து வளவில் நின்று கதைப்பதுபோலக் குரல் தெளிவாக வந்தது. இதற்கு அனுமதி எடுக்கவேண்டும் என்று யாரோ சொன்னபோது, இரண்டு கிழடுகள் என்ன கறி என்று கேட்பதற்கு யாரிடம் அனுமதி என்று மடக்கிவிட்டார்.

நேசம்மாவுக்கு அவர் படிப்பித்த சட்டம் இது. பொத்தானை அமத்தினால் கதைக்கலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் 'ஓவர்' என்று முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது. நேசம்மாவோ ஓவர் வரவேண்டிய இடத்தில் ஆமென் என்பார். அதற்கு ஒவ்வொரு நாளும் ஏச்சு வாங்குவார்.

ஒருநாள் காலை அவர் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே பொலிஸ்காரர் இருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். அன்ரனாவைக் கண்டு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது யாருடையது என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் யுத்த நாளில் வோக்கியோடு பிடிபட்டவன் வீடு திரும்பாத காலத்தைக் கண்ட மனுசன். 

"இது என்ரை இல்லை ஐயா. என்ரை தங்கச்சியின்ரை. அவதான் கொண்டுவந்து பூட்டுவிச்சவ. எனக்கு ஒண்டும் தெரியாது."

அதைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். கேட்காமலே நேசம்மாவின் விலாசத்தையும் சொன்னார். அங்கே விசாரிக்கிறோம் என்று அவர்கள் புறப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தார். பயத்தில் இறுகிய பெருவிரல் பொத்தானை அமத்தியபடியே இருந்தது. சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. சொன்னது அத்தனையும் கொழும்புத்துறை அடுப்படியில் கேட்டிருக்கும். குறுக்கே ஒரு சொல் சொல்ல நேசம்மாவால் முடிந்திருக்காது. வெட்கம் தின்ன, மனுசன் படியில் இருந்துவிட்டார். 

கொஞ்ச நேரத்தில் நேசம்மா பொலிஸ்காரருக்குப் பதில் சொல்வது வோக்கியில் கேட்டது. அண்ணனும் கேட்கட்டும் என்று தெரிந்தேதான் பொத்தானை அமத்தியிருக்கவேண்டும்.

"ஓம் தம்பி, ரெண்டும் என்ரைதான். நான்தான் அண்ணையைக் கரைச்சல்படுத்திப் பூட்டுவிச்சனான். அவர் பயந்த மனுசன், அவரை ஒண்டும் கேளாதேங்கோ."

பொலிஸ்காரர் சிரிப்பதும் கேட்டது. அவர்கள் இடுப்பு நோவை விசாரித்தார்கள், அனுமதி எடுக்கும்வரை கழற்றி வையுங்கள் அம்மா என்றார்கள், போய்விட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் மைக்காரர் ஊரறியச் சொன்ன வாக்கைக் கைவிட்டார்.

"அண்ணை, அவையள் போட்டினம். நீங்கள் யோசியாமல் சாப்பிடுங்கோ. ஓவர்."

அன்றைக்கு ஆமென் இல்லை. பிழைவிடாமல் ஓவர் என்றே முடித்தார். இனி அண்ணனின் முறை. தேர் வீதியில் சனத்துக்கு முன்னால் கூசாமல் மைக்கில் ஹலோ சொன்னவர் பொத்தானை அமத்தினார். வோக்கியை வாயருகே கொண்டுபோனார். விரலை எடுத்தார். திரும்பவும் அமத்தினார்.

அண்ணன் ஓவர் சொல்லும்வரை தங்கச்சி கதைக்கக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். நேசம்மா காத்திருந்தார்.