கடல்நாய் மிதவையில் ஒரு எலுமிச்சம்பழம்

1991இல் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் ஷெட்டில் எனக்கு வேலை. மஞ்சள் மிதவைகள் செய்தோம். எங்கோ தூரத்துக் கடலில் கடல்நாய் இனம் அழிந்துகொண்டிருந்ததாம். அவை குட்டி போடும் குகைகளைச் சுற்றி இந்த மிதவைகளை விடுவார்கள். அதைத் தாண்டி யாரும் வலை போடக் கூடாது. அந்தக் கடலுக்கு இரண்டு கரை, இரண்டு நாடு. ஆகாத பங்காளிகள். கடல்நாய்க்காக மட்டும் ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஷெட்டை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூடினால் எனக்குக் கல்யாணம்தான். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். வேலை போனால் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், மிதவையைச் சோதிக்க நாட்டுக்கு ஒருவராக இரண்டு பேர் வந்தார்கள். ஒரே காரில் வந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏரியில் முதல் மிதவையைக் கல் கட்டி அமுக்கிவிட்டு அவிழ்த்தோம். துள்ளி மேலே வர வேண்டும். குபுகுபுவென்று குமிழிதான் வந்தது. மிதவை அடியிலேயே கிடந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மொத உருப்படியாச்சே சார். பூஜை அன்னிக்கு திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம், மொளகா கட்டறதுக்கு மேல ஒரு ஓட்டை போட்டேன்."

"இன்னா அண்ணே பண்ணி வெச்சிக்கிறே! கண்ணு படக்கூடாதுன்னு சொல்லி எங்க எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டியே!" என்று கத்திவிட்டேன்.

முதலாளி இங்கிலீஷில் விளக்கினார். கேட்டதும் வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். அதில் கண் வரைந்த நீலக் கண்ணாடி மணி. அவர்கள் ஊரில் திருஷ்டிக்கு அதைத்தான் கட்டுவார்களாம். அடுத்தவர் சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை இழுத்தார். அதிலும் அதே மணி! இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த மிதவை துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதற்கு முன்னால் அந்தக் கடலில் விட்ட மிதவைகளை, எதிர்க்கரைக்காரன் போட்டது என்று மீனவர்கள் அறுத்துவிட்டார்களாம். நீல மணி தொங்கினால் எந்தக் கரைக்காரனும் கத்தி வைக்க மாட்டான் என்று இருவரும் சொன்னார்கள். மணி கட்ட எல்லா மிதவையிலும் ஒரு வளையம் வைக்கச் சொல்லி ஆர்டரை உறுதி செய்தார்கள்.

"பாத்தியா, என் எலுமிச்சம்பழம் வேலை செஞ்சிச்சி" என்றார் மேஸ்திரி. எனக்கு வந்த ஆத்திரம் சிரிப்பாகப் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன். "வேலை போவலம்மா. மாமா வூட்ல வேற பொண்ணு பாத்துக்கச் சொல்லிடு."

அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "எனக்கு மட்டும் அவனைப் புடிக்குமாடி? எங்க அண்ணன் கைல எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிகினு இருந்தேன்."