மலைப்புளி காந்தா

காவலூர்ப் பக்கம் புளி உலுக்குகிற வீடுகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் காந்தா வேண்டும். அவள் தராசோடு வந்து எடை போட்டால்தான் வாணியம்பாடிப் புளி வியாபாரி கலீல் பாயின் வண்டி மலையேறும். அப்புறம் வீட்டுக்கு வீடு போன் வந்தது. பாயிடம் அவரவரே விலை பேசினார்கள். தராசு வண்டியோடு வந்து இறங்கியது. காந்தாவை வரச் சொல்ல ஆள் இல்லை. வராதே என்று சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

"நான் இல்லாம எப்படி எடை போடறாங்கன்னு பாக்கறேன்" என்று கறுவிக்கொண்டிருந்தாள். பிரமாதமாகப் போட்டார்கள்.

சரி, ஊர் மறந்தால் உலகம் பார்க்கட்டும் என்று, வீடுகளில் புளி வாங்கிப் பாக்கெட் போட்டு விற்கக் கிளம்பினாள். ஆலங்காயத்து ஸ்டுடியோவில் சிரித்தபடி ஒரு போட்டோ. அதைப் பாக்கெட்டில் அச்சடித்து, கீழே 'ஜவ்வாது மலை, மலைப்புளி காந்தா'. போனில் தினம் ஒரு வீடியோ. அவற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. பெரிய புளியமரத்தடியில் நின்று, "இது என் மரம். என் கையால உலுக்கின புளி" என்று சொன்ன வீடியோ.

மரம் காந்தாவின் பங்காளி அண்ணன் மனைவி பாஞ்சாலையுடையது. அங்கே நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கு என்று பாகம் பிரிப்பார்கள். எந்த மரம் எந்த வீட்டுது என்று எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்தவர் மரத்தடியில் நின்று விளையாட்டுக்குக்கூட என் மரம் என்று சொல்லமாட்டார்கள். காந்தாவுக்கும் தெரியும். எத்தனையோ வருஷம் அந்த மரத்துப் புளியை எடை போட்ட உரிமையில் வாயில் வந்துவிட்டது.

பாஞ்சாலை காந்தா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எவ மரம்டி அது?"

"பேசற ஜோர்ல வந்துடுச்சு அண்ணி."

"அப்ப அழி."

"அத்தினி பேரு பாத்துட்டாங்க. இப்ப எப்படி அழிக்கறது?"

"உனக்கு ஏதுடி மரம்? ஒரு தராசு இருந்துச்சு, அதுவும் பூட்ச்சு."

காந்தாவுக்குச் சுருக்கென்றது. ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. வீடியோவும் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் அவளுக்குப் புளி கிடைக்கவில்லை. "இன்னும் காயல" என்றார்கள், காய்ந்த புளி மேலேயே உட்கார்ந்துகொண்டு. ஆர்டர்களோ பெங்களூரிலிருந்தெல்லாம் வந்தன. விட்டால் பெயர் போய்விடும். காந்தா ஆலங்காயம் மண்டிக்கு இறங்கி, எங்கோ கீழ்நாட்டில் விளைந்த புளியை மூட்டையாக வாங்கிப் பஸ்ஸில் ஏற்றினாள். மூட்டை மேல் மண்டியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் புடவையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து சீட்டில் மலை பார்க்க வந்த ஓர் அம்மா அவளையே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நீங்க மலைப்புளி காந்தாதானே? உங்க வீடியோ தினமும் பார்ப்பேங்க!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பாடும். பஸ் திரும்பியதில் புடவை நழுவி, மூட்டையின் எழுத்து வெளியே தெரிந்தது.

"இல்லீங்க. அது வேற யாரோ."

முன் சீட்டிலிருந்து பாஞ்சாலை திரும்பினாள்.

"அவளேதாம்மா" என்றாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி. "நல்லா பாத்துக்கோ."