மூன்று சின்னக் குரல்களும் ஒரு ரைஸ் குக்கரும்

கருகிய சோற்றின் வாசம் சட்டையில் ஏறிவிட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. மலேசியாவின் செனாயில் ரைஸ் குக்கர் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது. வசதிதான்...

எங்கள் குக்கரில் ஃபஸ்ஸி லாஜிக். அது 'சூடு', 'சூடில்லை' என்று கறாராகப் பேசாது. 'கொஞ்சம் சூடு', 'ரொம்பவே சூடு' என்று நம்மைப் போல இழுக்கும். உள்ளே சில விதிகள். ஒவ்வொன்றும் தன் பலத்துக்கு ஏற்ப ஏதாவது சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்துக் குக்கர் ஒரு முடிவெடுக்கும்.

எங்கள் குக்கரின் முடிவு தினமும் ஒன்றுதான். அடி பிடித்தது.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வாங்குபவர்கள் ருசி பார்க்க வருவதாக இருந்தது. அன்றும் கருகினால் குக்கரோடு நானும் என் சக இன்ஜினியர் இஸ்மாயிலும் வெளியே. வியாழன் காலை மீட்டிங்.

"மேல் சோறு வேகவே இல்லய்யா! சூட்ட ஏத்துங்க!" என்றார் மேனேஜர். மேசை அதிர்ந்தது.

"கொஞ்சம் கொறைக்கலாம் லா, பாஸ்..." என்றேன்.

"லேசா கொறைச்சா நல்லது," என்றான் இஸ்மாயில்.

டெக்னீஷியன் லெட்சுமி அக்காவும், "ஆமா பாஸ், லைட்டா," என்றார்.

"மூணு பேரும் ஒரே பேச்சத்தானே பேசுறீங்க. ஏத்துங்க!"

வெளியே வந்ததும் இஸ்மாயில் நின்றுவிட்டான். "அலமாக்! குக்கருக்குள்ள இருக்கிறதும் இவருதான்டா!"

உண்மைதான். விதிகளைச் சேர்க்க, இருப்பதிலேயே பலத்த குரலை மட்டும் எடுக்கும் 'மேக்ஸ்' முறையை வைத்திருந்தோம். 'சூட்டைக் குறை' என்று மூன்று விதிகள் மெதுவாகச் சொன்னாலும், ஒரு விதி மெதுவாகச் சொன்னதாகவே கணக்கு. 'ஏற்று' என்று ஒன்று கத்தினால் தீர்ப்பு அதன் பக்கம். மதியமே மேக்ஸை எடுத்துவிட்டுக் கூட்டல் முறையை வைத்தோம். இனி மெல்லிய குரல்களும் ஒன்றோடொன்று சேரும். 'ஏற்று' என்ற மேனேஜரின் விதியை நாங்கள் தொடவில்லை. அது உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்க்காரர்கள் முன்னால் மூடியைத் திறக்கும்போது லெட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சோறு வெள்ளையாக, பொலபொலவென்று இருந்தது. அடியிலும்.

"பாத்தீங்களா, என் பேச்சக் கேட்டா இப்படித்தான்," என்றார் மேனேஜர். எங்கள் வேலை நிலைத்தது.

அன்று என் குரல் மூன்றில் ஒன்று. இன்று கூலாயில், என் வீட்டில், நான்தான் பலத்த குரல்.

பள்ளி விடுமுறைக்கு மெர்சிங் கடற்கரைக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. "ரோடு பூரா ஜாம்! வேணாம்!" என்றேன்.

"போனா நல்லாத்தான் இருக்கும்..." என்றாள் மனைவி. "போலாமே பா," என்றான் மகன். மகள் போனிலிருந்து தலையை எடுக்காமல், "கடல் ஓகே லா," என்றாள்.

மூன்றும் சின்னக் குரல்கள்தான். கூட்டிப் பார்த்தேன்...

கத்துவதை இன்னும் நிறுத்தவில்லை. பையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டே கத்திக்கொண்டிருக்கிறேன்.