பப்பாசிக்கு ஸ்கான் எடுத்தவன்

என் வீட்டுக் கோழிக்குஞ்சுகளில் எது சேவல், எது பேடு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட நான்தான், பப்பாசிக் கன்றுகளில் ஆண் எது, காய்க்கப்போவது எது என்று பூக்கும் முன்னரே சொல்லும் ஆராய்ச்சி செய்கிறேன். ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. என் மானத்தைக் காப்பது அதுதான்.

ஸ்கந்தபுரத்தில் பப்பாசி வைப்பவர்கள் குழிக்கு மூன்று கன்று நடுவார்கள். பூத்த பிறகு ஆணைப் பிடுங்கி எறிவார்கள். அதுவரை மூன்றுக்கும் தண்ணீர், மூன்றுக்கும் பசளை. கிணறு சீக்கிரம் வற்றிவிடும் ஓர் அக்காவிடம் போய், இலையில் சிறு துண்டு தந்தால் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறேன், குழிக்கு ஒன்று போதும் என்றேன்.

"தண்ணி மிச்சம்தான் தம்பி. ஆனா நீங்கள் பிழை விட்டா வெறுங்குழியைத்தான் நான் சந்தைக்குக் கொண்டு போகவேணும். இந்த வருசம் இதை நம்பித்தான் இருக்கிறன்."

"பிழை வராது அக்கா" என்றது என் வாய், இயந்திரத்தைக் கேட்காமலேயே.

இலைத்துண்டுகளை ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் கட்டியபோது அடுத்த காணிக்காரர் வந்து மறித்தார்.

"ஐஸ்பழமோ சேர்?"

"இல்லை அண்ணை, பப்பாசி இலை. ஆணோ பெண்ணோ எண்டு பார்க்க."

"ஓ, ஸ்கானோ! பேரையும் வைச்சுக்கொண்டு வாங்கோ."

முடிவு வந்தது, நட்டோம். சில மாதங்கள் கழித்து ஒரு காலை அந்த அண்ணையே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோசம். "சேர், உங்கட பப்பாசி பூத்திட்டுது. நீட்டுக் காம்பில தொங்குது. அவ்வளவும் ஆண்!"

நீண்ட காம்பில் தொங்கினால் ஆண்தான், சந்தேகமே இல்லை. வழி முழுக்க மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்தேன். முதலில் இயந்திரத்தின் மேல் பழி போட்டேன், பிறகு மின்வெட்டின் மேல். ஊருக்குள் திரும்பும்போது அக்காவின் ஆட்டின் மேலேயே போடத் துணிந்துவிட்டேன்.

அக்கா சிரித்துக்கொண்டு நின்றார். "என்ன, ஹெல்மெட்டைக் கழட்டேல்லை? அடிப்பன் எண்டோ?"

பூத்திருந்தது வேலியோர வரிசை மட்டும். ஆண் என்று நாங்கள் ஒதுக்கிய கன்றுகளில் சில. அவை மெய்யாகவே ஆண்தானா என்று பார்க்கவேண்டும் என அடம்பிடித்து அங்கே நட்டுவைத்த மேதாவி நானேதான். பயத்தில் அதை மறந்துபோயிருந்தேன்.

"இனி உள்ளுக்கு வந்து பாருங்கோ."

உள்ளே, குழிக்கு ஒன்றாக நின்ற கன்றுகளில் தண்டோடு ஒட்டித் தடித்த, காய்க்கப்போகும் மொட்டுகள். அக்கா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் மூச்சைப் பிடித்தபடி பின்னால் போனேன். கடைசி வரிசையும் முடிந்தது.

"தம்பி, ஒண்டுகூடப் பிழை போகேல்லை."

நான் காணிக்குள் ஆட்டம் போட்டதாக அவர் ஊருக்குள் சொல்லித் திரிகிறார். மறுக்கமாட்டேன். நன்றாகவே ஆடினேன்.

சத்தம் கேட்டு அடுத்த காணிக்காரர் வேலியடிக்கு வந்தார். மொட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர், என்ரை கன்றுகளையும் ஒருக்கா…"

"வரிசையில நில்லுங்கோ" என்றார் அக்கா. "தண்ணியில்லாமல் சும்மா கிடந்த மற்றப் பாதிக் காணியிலயும் இனி நான் கன்று நடப்போறன். என்ரைதான் முதல்."