கத்தி மழுங்கிய மாதம்

செய்யாத தப்புக்கு ஒருவனைப் பழி சொல்லி என் வீட்டைவிட்டு அனுப்பினேன். என் சவரக்கத்தியைத் திருட்டுத்தனமாக எடுத்துச் சவரம் செய்கிறான் என்பது பழி.

இருங்காட்டுக்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவன் அவன். தென்காசிப் பக்கம், இங்கே கம்பெனி வேலை. ஊரிலிருந்து புது மனைவியை அழைத்து வரும் ஏற்பாட்டில் இருந்தான். பின்பக்கக் குளியலறை எங்களுக்கும் அவனுக்கும் பொது. வீட்டுக்குள் மயிர் விழக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம்; அதனால் என் சவரமும் அங்கேதான்.

கத்தி விஷயத்தில் நான் கறார். சவரம் முடிந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி வைப்பேன். மறுபடி எடுக்கும்போது, ஜன்னலோரம் தொங்கும் தோல்வாரில், கத்தியின் முதுகு முன்னே போகும்படி இழுத்துத் தீட்டுவேன். அப்படியும் அந்த மாதம் கத்தி மயிரைப் பிடித்து இழுத்தது. சாணைக்கல்லில் ஏற்றினேன். சீக்கிரமே மறுபடி மழுங்கியது.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், குளித்து வெளியே வரும்போது முகம் வழவழவென்று இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அவன் போனதும் உள்ளே போய் மோந்து பார்த்தேன். சவர சோப்பு வாசனை அடிப்பது போலவும் இருந்தது, அடிக்காதது போலவும் இருந்தது. கத்தியின் மேல் ஒரு நூலைப் போட்டு வைத்தேன். மறுநாள் நூல் தரையில் கிடந்தது.

"காத்துல விழுந்திருக்கும். உங்களுக்கு வேற வேலையில்ல" என்றாள் மனைவி.

இப்படித் தனக்குப் பரிந்து பேசத்தான் அவன் அவளை "அம்மா, அம்மா" என்று கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் போய் அவனைக் கேட்டேன். "கத்திய எடுத்தியா, இல்லியா?"

"நான் எலக்ட்ரிக் ஷேவர்லதான் எடுக்கேன் சார். இந்தா பாருங்க." பையிலிருந்து எடுத்தே காட்டினான்.

"மாட்டிக்கக் கூடாதுன்னு வாங்கி வச்சியா?"

கூட்டத்தில் ஒருவன், "இன்னா பிரதர், பெருசோட கத்தியையா ஆட்டைய போட்ட?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவனைக் காலி செய்யச் சொன்னேன். பெட்டியோடு நண்பர்கள் அறைக்குப் போனான்.

அவன் போன பிறகும் கத்தி மழுங்கியது. ஒரு நாள் தோல்வாரை உள்ளங்கையால் தடவினேன். நறநறவென்றது. ரோட்டில் போகும் மணல் லாரிகளின் தூசு. வார் காயட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தவன் நான்தான். தீட்டத் தீட்ட நானே கத்தியைக் கெடுத்திருக்கிறேன்.

அதே பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னோடது. இவர் கத்தியத் தொடவே இல்ல. மன்னிச்சிடுப்பா. ரூமுக்கே வந்துடு."

அவன் போனில் யாரையோ கூப்பிட்டு, என்னிடம் நீட்டினான். "எங்க மாமனாரு. எங்க ஊர்ப் பயலுவ சொல்லி அவர் காதுக்குப் போயிட்டு. களவாணி கூட பிள்ளைய அனுப்ப மாட்டேங்காரு. அவர்ட்ட சொல்லுங்க சார்."

நூல் போட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "படிச்சவர் நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நானும் நம்பிட்டனே" என்று மாமனார் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் வந்தாள். பிள்ளைப்பாக்கம் பக்கம் வீடு பிடித்து, பால் காய்ச்ச என் மனைவியை மட்டும் கூப்பிட்டிருந்தான். போய் வந்தவளிடம் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.